அம்மாவுக்கு அனுப்பின மாதிரி

பண்டத்தரிப்பில் தையற்கார மனோன்மணியைத் தெரியுமோ என்று கேட்டுப் பாருங்கள். சட்டை வடிவாகத் தைப்பாள், கழுத்து வெட்டு அவளைப் போல ஒருத்தருக்கும் வராது என்பார்கள். அது முதல் பேச்சு. அடுத்த பேச்சுக்குக் குரல் இறங்கும். "தாய் செத்த வீட்டிலை ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. அது கிடக்கட்டும், பெட்டி மூட முன்னமே தம்பியாரிட்டைக் காசு கேட்டவள்" என்பார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் இருக்கிறது, சொல்லுகிறார்கள். அவள் கேட்டது உண்மைதான். ஊர்ச்சனம் அவ்வளவும் நின்று காதாரக் கேட்டது. ஏன் கேட்டாள் என்று விசாரிக்க மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் நேரம் வரவில்லை. இந்தக் கதையை வாயில் போட்டு மென்றுகொண்டு திரிகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வராதா? ஆகவே முதலில் இருந்தே சொல்லத்தான் வேண்டும்.

அவளுடைய தகப்பன் வில்லியம் மிஷன் அச்சுக்கூடம் ஒன்றில் எழுத்துக் கோத்தவர். ஐம்பத்தாறாம் ஆண்டு, ஊர் முழுக்கச் ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த நேரம், மனிதர் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மனைவி நேசம்மா பெண்கள் விடுதி ஒன்றின் குசினி மேற்பார்வைக்குப் போனாள். மூத்தவள் மனோன்மணி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் மெஷினுக்கு முன்னால் குந்தினாள். இளையவன் துரைராஜாவுக்கு அப்போது அரைக்காற்சட்டை வயது. அவனைப் படிப்பிக்க வேண்டும் என்று தாயும் மகளும் இருந்து பேசி முடிவெடுத்ததாக மனோன்மணிக்கு ஞாபகமில்லை. அதில் பேச என்ன இருக்கிறது? ஆம்பிளைப்பிள்ளை படிப்பான், பொம்பிளைப்பிள்ளை தைப்பாள்.

படித்தான், நன்றாகவே படித்தான். மனோன்மணியின் சீதனத்துக்கென்று தகப்பன் வைத்துவிட்டுப் போன புகையிலைத் தோட்டம் அவனுடைய படிப்புக்குள் போயிற்று. அதை விற்கிறபோது பக்கத்தில் நின்று "விக்கத்தானே வேணும் அம்மா" என்று சொன்னவளும் அவள்தான். "அக்கா, நான் ஒரு உத்தியோகம் எடுத்த உடனை உனக்கு மாப்பிளை பாக்கிறதுதான் என்ரை முதல் வேலை" என்றான் தம்பி. "முதல்லை நீ மூக்கைச் சீறு" என்று அவள் சிரித்தாள். அரசாங்கத்தில் இடம் கிடைக்காமல், கொழும்பில் வெள்ளைக்காரர் நடத்திய ஒரு கொம்பனியில் கிளாக்கராகச் சேர்ந்தான். அங்கேயே மார்கிரட் என்று வசதியான வீட்டுப் பிள்ளையைக் கட்டினான். முதல் வேலை என்று சொன்னதைப் பிறகு அவன் வாயிலேயே எடுக்கவில்லை. ஆரம்பத்தில் மாதாமாதம் ஏதோ அனுப்பினான். பிறகு யேசு பிறந்த நத்தாருக்கு மட்டும் அனுப்பினான். கடைசியில் நத்தார் வாழ்த்து மட்டும் வந்தது.

அதற்காக மனோன்மணி ஒன்றும் வெம்பிப்போய்த் திரியவில்லை. கொழும்பிலே செலவு கூடுதல் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் யாராவது "தம்பி எப்பிடி?" என்று கேட்டால் "நல்லா இருக்கிறான்" என்று முகம் மலரச் சொல்லுவாள். அந்த முகமலர்ச்சி உண்மையானது. தான் கையிலே தூக்கி வளர்த்த பிள்ளையல்லவா?

எழுபத்திரண்டாம் ஆண்டு நடுப்பகுதியில் தாய் ஒரு புது வழக்கம் தொடங்கினாள். சட்டை தைக்கக் கொடுத்தால், "இடப்பக்கம் கொஞ்சம் தாராளமா விடு பிள்ளை" என்பாள். அடுத்த சட்டைக்கு இன்னும் கொஞ்சம். தையற்காரிக்கு அளவு பேசும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்த உடம்பு ஏன் இப்படி மாறுகிறது என்று மனோன்மணி கேட்டாள். "உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி" என்று தாய் எரிந்து விழுந்தாள். ஒரு நாள் தோய்க்கப் போட்ட சட்டையில் மார்ப் பக்கத்தில் கறை இருந்தது. அடுத்த நாளும் அதே இடத்தில் இருந்தது. அன்றைக்கு அறைக் கதவைச் சாத்தி, சீலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தபோதுதான் மார்பில் இருந்த புண் தெரிந்தது. ஆம்பிளை டொக்குத்தருக்கு மார்பைக் காட்டுவதோ என்ற வெட்கத்தில் நேசம்மா ஒன்றரை வருஷமாக அதை மூடி வைத்திருந்தாள்.

புற்றுநோய், நன்றாகப் பிந்திப் போயிற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கரண்ட், அதாவது கதிர்ச் சிகிச்சை, பிடித்தால் புண் கொஞ்சம் ஆறும், நோவுக்கு ஊசி போடலாம், ஆனபடியால் கிழமைக்கு ஒருக்காலாவது கொண்டு வர வேண்டும் என்றார்கள். மனோன்மணி தம்பிக்கு எழுதினாள். "டொக்குத்தர் எழுதித் தந்த துண்டை அனுப்பு அக்கா, இஞ்சை ஒரு பெரிய டொக்குத்தருக்குக் காட்டுறன்" என்று உடனே பதில் வந்தது. அவ்வளவு கெதியாக அவனிடமிருந்து பதில் வந்ததே இல்லை. துண்டை அனுப்பினாள். பெரிய டொக்குத்தர் என்ன சொன்னார் என்று பிறகு எழுதிக் கேட்டதற்கு, "அவரும் உதையேதான் சொல்லுறார்" என்று ஒரு வரி வந்தது.

பஸ்ஸில்தான் கொண்டு போனாள். பழைய சீலையைக் கிழித்து அவித்துக் காயவைத்து, புண்ணுக்குக் கட்டி, மேலே இன்னொரு துணி சுற்றி, அதற்கு மேல் சட்டை போட்டு எவ்வளவுதான் மூடினாலும் மணம் மூடுபடுமா? முதலில் பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் எழும்பிப் பின்னுக்குப் போனார்கள். பிறகு யன்னலை யன்னலாகத் திறந்தார்கள். ஒரு நாள் கொண்டக்டர் பக்கத்தில் வந்து, அவனும் பாவம், தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, அம்மாவை இனி ஒரு காரிலை கொண்டு போங்கோவன். சனம் எனக்குக் கரைச்சல் தருது" என்றான். வீட்டுக்குள் வந்ததும் நேசம்மா, "இனி என்னை ஒரிடமும் கொண்டு போகாதை பிள்ளை" என்றாள். "காரிலை கொண்டு போவன் அம்மா" என்றாள் மகள். தையலில் வருகிற காசு பாணுக்கும் சீனிக்கும் போதாத காலம் அது. கடையில் மாவுக்கு மனிசர் விடியமுன்னம் போய் வரிசையில் நிற்கிற காலம். கார் எங்கே இருந்து வரும்?

வழி சொன்னவர் கிராமத்து அதிகாரி, விதானையார் தில்லைநாதன். அவருடைய பெண்பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறவள் மனோன்மணிதான். தைத்ததை எடுக்க வந்த மனிதர், உள்ளே நேசம்மா நோவில் முனகுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு முற்றத்திலேயே நின்றார்.

"பிள்ளை, பிச்சைச் சம்பளத்துக்கு எழுதுவமே?" என்றார்.

அரசாங்கம் அதற்குப் பொதுசன உதவிப்பணம் என்று பெயர் வைத்திருந்தது. ஊர் வைத்த பெயர்தான் விதானையார் வாயில் வந்தது. மனோன்மணிக்கு முகம் கறுத்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கோவிலிலே முன் வாங்கில் இருந்து பாடுகிற குடும்பம்! அவர் விடவில்லை. "உதிலை வெக்கப்பட ஒண்டும் இல்லை. உழைக்கேலாத வருத்தக்காரருக்கெண்டு அரசாங்கம் ஒதுக்கி வைச்சிருக்கிற காசு. அம்மாவைக் காரிலை கொண்டு போகலாம். நோ ஊசி போடலாம். அவ நோகாமல் கண்ணை மூட வேண்டாமே?"

நோகாமல் கண்ணை மூட வேண்டும். அந்தச் சொல் மனோன்மணியைப் பிடித்துக்கொண்டது. பிழைக்க வைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். கத்தாமல், பல்லைக் கடிக்காமல் தாய் போனால் அதுவே போதும். அதற்கு மேல் அவள் கர்த்தரிடமும் கேட்கவில்லை, அரசாங்கத்திடமும் கேட்கவில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது என்றார் விதானையார். உத்தியோகம் பார்க்கிற மகன் இருந்தால் கொடுக்க மாட்டார்கள். ஆனால் மகன் பார்ப்பதில்லை என்று தெரிந்தால் கொடுப்பார்கள். கந்தோரில் இருந்து உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார். "நீர் சொன்னாக் காணாது பிள்ளை. அம்மா தன்ரை வாயாலை சொல்ல வேணும். பேந்து மகன் வேலை செய்யிற இடத்துக்கும் எழுதி விசாரிப்பினம். அது சும்மா முறைக்கு."

அன்று பின்னேரம் புண் கழுவும்போது மனோன்மணி தாயிடம் கேட்டாள்.

"அம்மா, ஒரு வசனம்தான். மகன் என்னைப் பாக்கிறேல்லை எண்டு சொல்ல வேணும். சொல்லுவியளே?"

நேசம்மா முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு, "உள்ளதுதானே பிள்ளை. சொல்லுறன்" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாளா? குடும்பத்தில் ஒரு ஆம்பிளைப்பிள்ளை இருக்க, அவனைக் கேளாமல் ஒரு காரியம் செய்யக்கூடாது என்பது அவள் வளர்ந்த முறை. தன்னைப் பற்றி அரசாங்கக் கந்தோரில் ஒரு கதை போகிறதென்று தம்பி பிறத்தியார் வாயால் அறியக்கூடாதே என்று நினைத்தாள். எழுதினாள். கோபியாதே தம்பி, உன்னைக் குறை சொல்ல இல்லை, அம்மாவின் நோவைப் பார்க்க முடியவில்லை, உங்கள் கொம்பனிக்கும் எழுதி விசாரிப்பார்களாம், அது சும்மா முறைக்குத்தானாம் என்றெல்லாம் எழுதினாள். எவ்வளவு நல்ல மனம் பாருங்கள். அந்த நல்ல மனத்தைக் கொண்டுபோய் அடுப்பிலே வைக்க!

அடுத்த சனிக்கிழமை துரைராஜா யாழ்தேவி ரயிலில் வந்து இறங்கினான். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! ஒரு கையில் தகரப் பெட்டி நிறைய மார்கிரட் சுட்ட கேக், மறு கையில் ஒரு போத்தல் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர். தாயின் அறை வாசலுக்கு வந்ததும் லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தான். மனோன்மணி அதைக் கண்டும் காணாதது போல விட்டாள். தம்பி வந்துவிட்டான், அது போதும் அவளுக்கு. வளவுக்குள் ஓடிக் கோழியைத் துரத்திப் பிடித்தாள். குசினிக்குப் பின்னால் இருந்து செட்டை பிடுங்குகிறபோது, தாயின் அறைக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தாள். பாவம், தாயும் மகனும் மனம் விட்டுக் கதைக்கட்டும் என்று நினைத்தாள்.

நன்றாகத்தான் கதைத்தார்கள். கோழி அவிந்து கறியாகி இறங்கும் வரைக்கும் கதவு திறபடவில்லை.

வெளியே வந்தவனுடைய கண் சிவந்திருந்தது. "அக்கா, உன்ரை கறிக்கு ஈடே இல்லை" என்று விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டான். அன்றைக்கே திரும்பினான். படலையில் வைத்து, "நீ ஒண்டுக்கும் யோசியாதை அக்கா. எல்லாம் நான் பாத்துச் செய்யிறன்" என்றான். அவன் போன பிறகு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற குணலட்சுமியிடம், "தம்பி வந்திட்டுப் போறான். இனி எனக்குக் கவலையில்லை" என்று மனோன்மணி வலியப் போய்ச் சொன்னாள்.

ஒன்றும் வரவில்லை. கேக் மட்டும் அலுமாரிக்குள் இருந்தது. ஒரு துண்டு பாலில் நனைத்துத் தரட்டோ என்று கேட்டபோது நேசம்மா, "வெட்டாதை பிள்ளை. ஆரும் வந்தாக் குடுக்கலாம்" என்றாள். இந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று மனோன்மணி நினைத்தாள். வருத்தக்காரியின் ஆசை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மனோன்மணி எழுதிக் கொடுத்த மனுவை விசாரிக்க உத்தியோகத்தர் வருகிற நாள் வந்தது. விடியவே நேசம்மா, "என்னை வடிவா முழுகவாத்து விடு" என்றாள். முழுகவாத்தாள். கை நீளச் சட்டையும் வெள்ளைச் சீலையும் எடு என்றாள். எடுத்தாள். விறாந்தையில் கதிரையில் இருத்து என்றாள்.

"படுத்திருங்கோ அம்மா. உங்கடை கோலத்தை அவை பாக்கட்டுமே."

"வாற மனிசருக்கு முன்னாலை காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறதோ? என்ன பழக்கம் அது?"

மனோன்மணியும் அதே வீட்டில் வளர்ந்தவள். வெளி மனிதர் வரும்போது முற்றம் கூட்டாமல் இருக்கத் தெரியாதவள். கூட்டினாள், கதிரைகளைத் துடைத்தாள், மேசைக்குச் சீலை விரித்தாள். கறை தெரியாமல் இருக்கப் பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தெரியும்படி சட்டையைப் பொருத்திவிட்டாள். அதற்கு அவளை மிஞ்ச ஆளில்லையே! "அந்தப் போத்தலையும் கொஞ்சம் தெளி" என்றாள் தாய். ஓடிக்கொலோனையும் தெளித்தாள்.

விதானையாரும் உத்தியோகத்தரும் வந்தார்கள். உத்தியோகத்தர் இளம் பொடியன், வேலைக்குப் புதிது. விறாந்தையில் வெள்ளைச் சீலையோடு நிமிர்ந்து இருந்த மனிசியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, எப்பிடி இருக்கிறியள்?"

"கர்த்தர் கிருபையாலை சுகமா இருக்கிறன் தம்பி. இருங்கோ. பிள்ளை, ஐயாமாருக்குத் தேத்தண்ணி கொண்டு வா. அந்தக் கேக்கையும் வெட்டு."

மனோன்மணி தாயைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் உள்ளே போனாள். கேக்கை வெட்டினாள். தட்டோடு திரும்பி வரும்போது உத்தியோகத்தர் மகனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கதவு நிலையில் நின்றாள். ஒரு வசனம்தான். சொல்லுங்கோ அம்மா என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

"என்ரை மகனோ? அவனைப் போல ஒரு பிள்ளை கிடைக்கக் குடுத்து வைச்சிருக்க வேணும் தம்பி. இந்தக் கேக்கும் அவன் கொண்டு வந்ததுதான். காசு மாதாமாதம் அனுப்புவான். எனக்கு ஒரு குறையும் இல்லை."

விதானையார் கேக்கை எடுக்க நீட்டப் போன கையை மடியில் வைத்தார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. மகன் மாதாமாதம் அனுப்புறவரோ?" என்று, ஒவ்வொரு சொல்லாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போலக் கேட்டார்.

"ஒரு மாதமும் தவறினதில்லை."

உத்தியோகத்தர் மனோன்மணியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் எழுதித் தந்தது வேறை மாதிரி இருக்கே?"

மனோன்மணி வாயைத் திறக்க முன்னம் தாய் முந்திக்கொண்டாள். "இவள் பிள்ளை கலியாணம் காட்சி இல்லாமல் இருந்திட்டாள். தம்பியாரும் பெண்சாதியும் நல்லா இருக்கினம் எண்டு கொஞ்சம் எரிச்சல். நீங்கள் மனதிலை வையாதேங்கோ."

ஐயோ! பெற்ற தாயின் வாயால் வந்த சொல் இது. அன்றைக்கு விடிய அந்தத் தாயைத் தூக்கி இருத்தி, தலை வாரி இழுத்து, நகத்துக்குள் இருந்த அழுக்கைக்கூட எடுத்து விட்டவள் தட்டோடு நின்றாள். மறுத்துக் கதைத்திருந்தாலும் என்ன? தாயைப் பொய்க்காரி என்று சபையில் சொல்லுகிற மகளை யார் நம்புவார்கள்?

படலையில் வைத்து உத்தியோகத்தர் தணிந்த குரலில் சொன்னார். "அக்கா, இல்லாததுகளை எழுதி எங்களை அலைக்காதேங்கோ. உண்மையிலை கஷ்டப்படுற சனம் எத்தினை பேர் காத்துக்கொண்டு கிடக்குது." விதானையார் அவள் முகத்தைப் பாராமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

அவள் திரும்பி வந்தபோது நேசம்மா கதிரையில் சரிந்து போய் இருந்தாள். வெள்ளைச் சட்டையில் கறை ஊறத் தொடங்கியிருந்தது. மனோன்மணி தூக்கிக்கொண்டு போய்க் கிடத்தி, கட்டை அவிழ்த்து, தண்ணீர் கொண்டு வந்து கழுவினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டாள்.

"ஏனம்மா?"

"அவன் என்ரை காலைப் பிடிச்சு அழுதவன் பிள்ளை. கொம்பனிக்கு எழுதினால் தன்ரை உத்தியோகம் போயிடுமெண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதவன்."

"அதேன் போகும்? தாய் பிச்சைச் சம்பளம் எடுத்தா மகன்ரை வேலையை ஏன் நிப்பாட்டப் போயினம்?"

"அதெல்லாம் எனக்கு விளங்குமே? அவன் அழுதான்."

"நான் அழேல்லை எண்டதாலையோ அம்மா என்னைப் பொய்க்காரி ஆக்கினியள்?"

நேசம்மா சுவர்ப் பக்கம் திரும்பினாள். சுவரைப் பார்த்தபடியே, "நீ என்னை விட்டிட்டுப் போகமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

ஆக, அதுதான் கணக்கு. போகக்கூடியவனைப் பிடித்து வைக்க வேண்டும், போகமாட்டாதவளை என்னவும் செய்யலாம். மனோன்மணிக்கு அன்றைக்கு வந்த கோபம் சாதாரணக் கோபமில்லை. இந்தக் கிழவியை இப்படியே போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனால் என்ன என்று நினைத்தாள். நினைத்தவள் எழும்பிப் போய் அடுப்பை மூட்டித் துணி அவித்தாள்.

காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து இரண்டு மூன்று தரம் கார் பிடித்தாள். அதற்குப் பிறகு கழற்ற ஒன்றும் இல்லை. ஊசி இல்லாத நாட்களில் நேசம்மா கத்துகிற கத்தல் ஒழுங்கை முடக்கு வரைக்கும் கேட்டது. குணலட்சுமி தன் வீட்டு யன்னலைச் சாத்தினாள், அவளைக் குறை சொல்ல முடியாது. மனோன்மணிக்குச் சாத்த யன்னல் இல்லை. நோ கூடினால் நேசம்மா, "துரை வாறானோ? துரைக்கு எழுதினியோ?" என்று கேட்பாள். "வருவான் அம்மா" என்று சொல்லிச் சொல்லி மனோன்மணியின் தொண்டை வறண்டது. தாய்க்காக மனம் உருகும். அடுத்த நிமிஷம் அந்த விறாந்தைப் பேச்சு ஞாபகம் வரும், எரியும். உருகுவதும் எரிவதுமாக அவளுக்குக் காலம் போயிற்று. கார்த்திகை மழைக்குள் ஒரு காலை, பல்லைக் கடித்தபடியே நேசம்மா போனாள். கடித்த பல்லை மனோன்மணியால் விரிக்க முடியவில்லை.

மகன் வந்தான். வந்து, செத்த வீடு என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று ஊர் சொல்லும்படி செய்தான். பட்டணத்துப் பெட்டி, மலர்வளையம், பாட்டுக்காரர், பந்தல். கட்டிலில் கிடந்த தாய்க்கு வராத கார் பெட்டியில் கிடந்த தாய்க்கு வந்தது. போதகர் பேசினார். அரசாங்க உத்தியோகத்தர் வந்து கேட்டபோதும், தன் மகன் ஒரு மாதமும் தவறாமல் பார்க்கிறான் என்று சாட்சி சொல்லி உதவிப்பணத்தை வேண்டாமென்று விட்ட தாய் என்று பேசினார். அந்தக் கதை எப்படியோ சபை முழுக்கப் பரவியிருந்தது. துரைராஜா லேஞ்சியை முகத்தில் வைத்துத் தோள் குலுங்க அழுதான். எல்லோரும் அவனைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். பிறகு மனோன்மணியைப் பார்த்தார்கள். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு காய்ந்த கண்ணோடு நின்றாள்.

அப்போதுதான் நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு பெரியவர் அவள் பக்கத்தில் வந்தார். பெயர் கனகசபாபதி, துரைராஜாவின் கொம்பனியில் தலைமைக் கிளாக்கர். லீவில் தன் ஊரான அளவெட்டிக்கு வந்த இடத்தில் செய்தி கேள்விப்பட்டு வந்தவர்.

"நீங்கள்தானே தமக்கையார்? அம்மாவை நீங்கள்தான் பாத்தனீங்கள் எண்டு தம்பி சொல்லுவார். கடைசி நேரம் கஷ்டப்பட்டவவோ?"

அவர் ஆறுதல் சொல்லுகிற நினைப்பில் தொடர்ந்தார். "எங்களாலை ஏலுமானதைச் செய்தம் பிள்ளை. டொக்குத்தரின்ரை துண்டைத் தம்பி கொண்டுவந்து காட்டி அழுதவுடனை, நான்தான் மனேச்சரோடை கதைச்சு, தாயின்ரை வருத்தத்துக்கெண்டு மாதாமாதம் ஒரு தொகை ஒழுங்கு பண்ணினனான். போன வருஷம் மாரி காலம் தொடக்கம் குடுத்தது. கார்க்கூலிக்கும் மருந்துக்கும் உதவியா இருந்திருக்கும் என்ன?"

போன வருஷம் மாரி. கொண்டக்டர் தலை குனிந்ததற்கு முன்னம். தோட்டைக் கழற்றியதற்கு முன்னம். அவள் பெரிய டொக்குத்தருக்கென்று அனுப்பிய துண்டு! உத்தியோகத்தர் கொம்பனிக்கு எழுதினால் ஏன் வேலை போகும் என்று அவள் கேட்ட கேள்விக்கு இவ்வளவு நாளும் கழித்துப் பதில் வந்தது. தாய்க்கென்று கொடுத்த காசைத் தம்பி தின்றிருக்கிறான். அது வெளியே வராமல் இருக்கத் தாயைக்கொண்டே உதவிப்பணத்தின் வாசலைச் சாத்துவித்திருக்கிறான். தாய் அது தெரியாமலே, நோவோடு போய்விட்டாள்.

பெட்டி மூடப் போகிறோம், கடைசியாகப் பார்க்கிறவர்கள் பாருங்கள் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சனம் நெருங்கியது. துரைராஜா வந்து அக்காவின் தோளைப் பிடித்தான். எல்லோருக்கும் கேட்கும்படி, "அழாதை அக்கா" என்றான், அழாதவளைப் பார்த்து. "அம்மா போனா என்ன, நான் இருக்கிறன். இனி உனக்கு மாதாமாதம் நான் அனுப்புவன்."

எப்பிடியான தம்பி, எப்பிடியான தம்பி என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

மனோன்மணி அவன் கையைத் தோளில் இருந்து எடுத்தாள். அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் நின்ற கனகசபாபதியையும் பார்த்தாள். பிறகு, சபையில் பாட்டுக்கு எடுக்கிற அந்த உரத்த குரலில் சொன்னாள்.

"அனுப்பு தம்பி. அம்மாவுக்கு அனுப்பின மாதிரியே எனக்கும் அனுப்பு. ஒரு மாதமும் தவறாமல் அனுப்பு."

துரைராஜாவின் லேஞ்சி பாதி வழியில் நின்றது. அவன் திரும்பிக் கனகசபாபதியைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. வெடித்த சுவரையும், தோடில்லாத அவளுடைய காதையும், மூலையில் குவிந்து கிடந்த சீலைக் கிழியல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடக்கத்துக்குச் சேமக்காலைக்கு வராமலே, ஒருத்தருக்கும் சொல்லாமல் படலையைத் திறந்துகொண்டு போனார்.

"பாருங்கோவன், தாய் இன்னும் வீட்டை விட்டு இறங்கேல்லை, இவள் காசு கேக்கிறாள்" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "இவளுக்கு எரிச்சல் எண்டு தாய் அண்டைக்கே சொன்னவ" என்றாள் இன்னொருத்தி. அந்தப் பேச்சுத்தான் இன்றைக்கும் ஊரில் உலாவுகிறது.

துரைராஜாவும் சொல் தவறாதவன். அம்மாவுக்கு அனுப்பின மாதிரியேதான் இன்று வரைக்கும் அக்காவுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.